சுடாத நெருப்பில் ஒரு பள்ளிக்கூடம்

1967 ஜூலை 29. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். டோன்கின் வளைகுடாவில் நின்றிருந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஃபாரஸ்டலின் மேல்தளத்தில் விமானங்கள் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் மின்சாரம் தடம் மாறிப் பாய்ந்தது. இறக்கைக்கு அடியில் இருந்த ராக்கெட் தானாகக் கிளம்பி, எதிர்ப்புறம் வரிசையில் நின்ற இன்னொரு விமானத்தின் எரிபொருள் டாங்கைப் பிளந்தது. கொட்டிய எரிபொருள் பற்றிக்கொண்டது. அந்தத் தீக்குள்ளேயே வெடிகுண்டுகளும் உருண்டு கிடந்தன.

கப்பலின் தீயணைப்புக் குழுவுக்குத் தலைமை வகித்த ஜெரால்ட் ஃபாரியர் கையில் ஒரு சிறிய தீயணைப்பானுடன் குண்டை நோக்கி ஓடினார். பின்னால் ஓடி வந்த சகாக்களைப் பார்த்து விலகிப் போகச் சொல்லிக் கையசைத்தார். தீ பிடித்து ஒன்றரை நிமிடம்தான் ஆகியிருக்கும். முதல் குண்டு வெடித்தது. அவரும், முறையாகப் பயிற்சி பெற்ற அந்தக் குழுவில் பெரும்பாலோரும் அங்கேயே மாண்டார்கள்.

மிச்சமிருந்தவர்கள் கைக்குக் கிடைத்த குழாயைத் தூக்கினார்கள். துணிச்சலுக்குக் குறைவில்லை, பழக்கம்தான் இல்லை. ஒரு பக்கம் சிலர் எரிபொருள் தீயின் மேல் நுரையைப் பரப்பினார்கள். நுரை மூடினால் தீக்குக் காற்று கிடைக்காது. இன்னொரு பக்கம் வேறு சிலர் கடல் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். தண்ணீர் நுரையை அடித்துக்கொண்டு போனது. எரிந்துகொண்டிருந்த எண்ணெய், குண்டுகள் போட்ட ஓட்டைகள் வழியாகக் கீழ்த்தளங்களுக்கு இறங்கியது. அன்று இறந்தவர்கள் 134 பேர். தன் விமானத்திலிருந்து குதித்துத் தப்பியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் அதிபர் தேர்தலில் நின்ற ஜான் மெக்கெய்ன்.

அமெரிக்கக் கடற்படை அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், சமையல்காரரானாலும் கணக்கரானாலும் கப்பலில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் தீயணைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. நார்ஃபோக் துறைமுகத்தில் உள்ள பயிற்சிப் பள்ளிக்கு ஃபாரியரின் பெயரையே வைத்தார்கள். அன்று கப்பலின் கேமராக்களில் பதிவான காட்சிகள் தலைமுறை தலைமுறையாக மாலுமிகளுக்குப் பாடமாயின.

எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும், சரி. எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? நீச்சலுக்குக் குளம் வேண்டும், சைக்கிளுக்குத் தெரு வேண்டும். தீயணைக்கப் பழக நெருப்பு வேண்டும். தலையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை மாட்டிக்கொண்டு, இல்லாத நெருப்பில் இல்லாத தண்ணீரைப் பாய்ச்சும் வி.ஆர். என்ற மெய்நிகர்ப் பயிற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. தீயணைப்புப் பயிற்சி அங்கே வந்து சேர்ந்த கதையைத் தொழில்நுட்ப மோகம் என்று மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். நெருப்பை வைத்து நெருப்பைக் கற்பித்ததற்குக் கொடுத்த விலை அதன் மறுபாதி.

பயிற்சியிலேயே போன உயிர்கள்

இடிக்கப்போகும் பழைய வீட்டைக் கேட்டு வாங்கி, அதற்குத் தீ வைத்து, புதியவர்களை உள்ளே அனுப்புவது அமெரிக்கத் தீயணைப்புப் படைகளின் நெடுநாள் வழக்கம். 1982-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் நடந்த அப்படியொரு பயிற்சியில் இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் உண்மை நெருப்புப் பயிற்சிக்கென்று ஒரு தர விதி எழுதப்பட்டு, 1986-இல் நடைமுறைக்கு வந்தது. எதை எரிக்கலாம், எத்தனை வழிகள் திறந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மீட்கப்பட வேண்டியவராக நடிக்க உயிருள்ள மனிதரை உள்ளே வைக்கக் கூடாது என்பதும் இருக்கிறது.

விதி இருந்தும், 2001 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் அதுவே நடந்தது. படையில் புதிதாகச் சேர்ந்த 19 வயது இளைஞர். எரியும் வீட்டுக்குள் அவர் போனது அதுவே முதல் முறை. சிக்கிக்கொண்டவராக நடிக்க மாடியில் படுக்க வைத்தார்கள். கீழே இருந்த ஃபோம் மெத்தை பற்றிக்கொண்டது, நடிப்பு நிஜமானது. பயிற்சியை நடத்திய அதிகாரி, உயிர் போகக் காரணமான அலட்சியத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்.

ஸ்வீடன்காரர்கள் 1980-களில் வேறு வழி கண்டார்கள். சரக்குக் கப்பல்களில் ஏற்றும் இரும்புக் கன்டெய்னரின் ஒரு முனையில் மரப்பலகைகளை எரித்துவிட்டு, மறுமுனையில் வீரர்களைக் குனிந்து உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் புகை திரள்வதையும், அந்தப் புகையே பற்றி நெருப்பு நாக்குகள் கூரையோடு ஊர்ந்து வருவதையும் கண்ணால் பார்க்கலாம். ஓர் அறையில் மேலே தேங்கும் வாயு சுமார் 500, 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அறையில் உள்ள அத்தனை பொருட்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தீப்பிடிக்கும். ஃபிளாஷ்ஓவர் என்று இதற்குப் பெயர். முழுக் கவச உடையில் இருப்பவருக்கும் அதற்குள் சில நொடிகளுக்கு மேல் ஆயுள் இல்லை. அதற்கு முந்தைய நிமிடத்தின் முகம் எப்படி இருக்கும் என்று காட்டியதுதான் அந்தக் கன்டெய்னரின் பெருமை. உலகம் முழுக்க அது பரவியது, இன்றும் இருக்கிறது.

ஒரு பள்ளி விஷமான கதை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். மெல்பர்ன் நகருக்கு மேற்கே, பாலன் என்ற சிற்றூருக்கு அருகில் ஃபிஸ்க்வில். மாநிலத்தின் கிராமப்புறத் தீயணைப்பு ஆணையமான சி.எஃப்.ஏ. 1970-களின் தொடக்கத்தில் அங்கே பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. ஆண்டுக்காண்டு ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வந்து போனார்கள். எரிப்பதற்குப் பொருள் வேண்டுமே? தொழிற்சாலைகள் வேண்டாத கரைப்பான்களையும் ரசாயனக் கழிவுகளையும் பீப்பாய் பீப்பாயாக இலவசமாகக் கொடுத்தன. உள்ளே என்ன இருக்கிறதென்று பல நேரம் எவருக்கும் தெரியாது. குழியில் ஊற்றிக் கொளுத்தி, நுரையாலும் தண்ணீராலும் அணைத்தார்கள். அந்தத் தண்ணீர் குட்டைகளில் தேங்கியது. அடுத்த பயிற்சிக்கு அதே தண்ணீரைத்தான் இறைத்தார்கள். மிச்சப் பீப்பாய்கள் மண்ணுக்குள் போயின.

2011 டிசம்பரில், சி.எஃப்.ஏ.வின் முன்னாள் தலைமை அதிகாரி பிரையன் பாட்டர் பத்திரிகையிடம் பேசினார். அவருக்கே புற்றுநோய். அங்கே பணிபுரிந்த பலரும் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 2014-இல் அவர் இறந்தார். 2015 மார்ச்சில் ஃபிஸ்க்வில் நிரந்தரமாக மூடப்பட்டது. மாநில நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு 2016 மே மாதம் அறிக்கை தந்தது.

மண்ணிலும் தண்ணீரிலும் கண்டெடுத்தவற்றில் முக்கியமானது பி.எஃப்.ஓ.எஸ். என்ற வேதிப்பொருள். எளிதில் சிதையாது, உடம்புக்குள் போனால் ஆண்டுக்கணக்கில் தங்கும். எரிபொருள் தீயை அணைக்கும் ஒருவகை நுரையிலிருந்து வந்தது. அந்த நுரையை உருவாக்கியது யார் என்று பார்த்தால் கதை மறுபடி கப்பலுக்கே திரும்புகிறது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் 3எம் நிறுவனத்தோடு சேர்ந்து 1960-களில் கண்டுபிடித்தது. 1966-இல் காப்புரிமை. அடுத்த ஆண்டு ஃபாரஸ்டல் எரிந்த பிறகு விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் பரவி, பின்னர் உலகின் விமான நிலையங்களுக்கும் பயிற்சிக் களங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. உயிர் காத்த நுரைதான். அதை மறுக்க முடியாது. பழகுவதற்காகத் திரும்பத் திரும்பக் கொட்டிய இடங்களில்தான் அது நஞ்சாகத் தங்கியது.

நுரையை விட்டால்கூடப் புகை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2022-இல் தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், முதல் பிரிவில் சேர்த்தது. ஆஸ்பெஸ்டாஸும் சிகரெட் புகையும் இருக்கும் அதே பிரிவு. நிஜத் தீக்குப் போகும்போது புகையைச் சுவாசித்தால் அது கடமை. பாடம் படிக்கும்போதும் அதே புகை என்றால், கேள்வி கேட்கத்தான் தோன்றும்.

ஜீலாங்கின் பெட்டி

அதே விக்டோரியா மாநிலத்தில், கடலோர நகரம் ஜீலாங். அங்குள்ள டீக்கின் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ரோபோக்களையும் தொடுவுணர்வு இயந்திரங்களையும் வைத்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தீயணைப்புப் பக்கம் திரும்பினார்கள். ஃபிளெய்ம் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் அங்கிருந்து பிறந்தது.

அவர்களுடைய வி.ஆர். பயிற்சிக் கருவியைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் கண்ணாடியைத்தான் முதலில் சொல்வார்கள். ஹெட்செட் கடையில் கிடைக்கும் பொருள். நான் குழாயிலிருந்து தொடங்குகிறேன்.

பயிற்சி பெறுபவர் கையில் இருப்பது நிஜமான நாசில். அதனோடு இணைந்த குழாய் பின்னால் ஒரு பெட்டிக்குள் போய் முடிகிறது. பெட்டிக்குள் மோட்டார். நாசிலைத் திறந்ததும் மோட்டார் குழாயைப் பின்னுக்கு இழுக்கும். நிஜத்தில் தண்ணீர் முன்னால் பீய்ச்சும்போது நாசில் பின்னால் உதைக்குமே, அந்த உதையின் நகல் இது. நிமிடத்துக்கு 470 லிட்டர் தண்ணீரை வழக்கமான அழுத்தத்தில் பாய்ச்சினால் சுமார் 28 கிலோ விசை நம்மைப் பின்னுக்குத் தள்ளும். ஏறக்குறைய ஒரு சிமென்ட் மூட்டையில் பாதி. கால்களை அகட்டி, முன்பக்கம் சாய்ந்து நிற்காதவர் தடுமாறுவார். இந்தச் சங்கதியைக் கண்ணால் கற்றுக்கொள்ள முடியாது, இடுப்பும் தோளும்தான் கற்க வேண்டும். அதனால்தான் வீடியோ கேம் என்று இதை ஒதுக்க முடியவில்லை.

அடுத்தது உடுப்பு. கவச உடைக்குள் சூடேறும் பட்டைகள் இருக்கின்றன. திரையில் தீ வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் சுடும். முதுகைக் காட்டினால் முதுகு சுடும். அருகே போகப் போகச் சூடு ஏறும். பிறகு சுவாசக் கருவி. முகமூடியில் உள்ள உணரிகள் மூச்சின் வேகத்தைக் கணக்கெடுக்கின்றன. அரை மணி நேரத்துக்கு என்று எழுதியிருக்கும் காற்றுச் சிலிண்டர், பதற்றத்தில் மூச்சு வாங்குபவருக்குக் கால் மணியை ஒட்டியே தீர்ந்துவிடும். பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் எண்களைக் காட்டிப் பேசலாம்: இந்த இடத்தில் உன் மூச்சு ஏறியது, இங்கே தண்ணீரை வீணாக்கினாய், இந்தக் கதவைத் திறக்கும் முன் தொட்டுப் பார்க்கவில்லை.

இத்தனையும் சில பெட்டிகளில் அடங்கும். ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போகலாம். விக்டோரியாவைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். சி.எஃப்.ஏ.வுக்கு ஏறத்தாழ 1,200 படைகள். அவற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஆடு மேய்ப்பவர், பேக்கரி வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியை. வார இறுதியில் நெடுந்தூரம் காரோட்டிப் பயிற்சிக் களத்துக்குப் போக எத்தனை பேருக்கு முடியும்?

ஜீலாங்குக்கு இதில் சொந்தக் காயமும் உண்டு. 1998 டிசம்பர் 2 அன்று லிண்டன் காட்டுத்தீயில் ஐந்து தன்னார்வலர்கள் வண்டியோடு எரிந்து போனார்கள். ஐவரும் ஜீலாங் மேற்குப் படையைச் சேர்ந்தவர்கள். காற்று திசை மாறியது. அதுவரை பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த தீயின் விளிம்பு, சட்டென்று அவர்களை நோக்கி வரும் முகமாக மாறிவிட்டது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் கோடை நாட்களில் இந்தக் காற்றுத் திருப்பம் ஊரறிந்த எமன். அந்த மரணங்களுக்குப் பின்னர் அடிப்படைப் பயிற்சி பெறாத எவரும் காட்டுத்தீக் களத்துக்குப் போகக் கூடாது என்று கட்டாயமாக்கினார்கள். காற்று மாறுவதை நிஜக் காட்டில் பயிற்சிக்காக நிகழ்த்திக் காட்ட எந்த ஆசிரியராலும் முடியாது. கணினியில் ஒரு பொத்தான் போதும்.

வேண்டியது அனுபவம், குறைந்து வருவதும் அதுதான்

அமெரிக்காவில் 1977-இல் ஓராண்டில் ஏற்பட்ட தீ விபத்துகள் 30 லட்சத்துக்கு மேல். 2020-இல் அது சுமார் 14 லட்சம். புகை எச்சரிக்கைக் கருவி, நல்ல மின்கம்பிகள், குறைந்துபோன சிகரெட் எல்லாம் சேர்ந்த பலன். ஊருக்கு நல்லது. தீயணைப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்பவருக்கோ பார்த்துப் பழக நெருப்பு கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் சீக்கிரமே கிடைத்த அனுபவத்துக்கு இப்போது நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அபூர்வமாக வரும் தீயும் முன்போல இல்லை. அமெரிக்காவின் யு.எல். ஆய்வு நிறுவனம் இரண்டு வரவேற்பறைகளை அமைத்துக் கொளுத்திப் பார்த்தது. ஒன்றில் பழைய காலத்து மரம், பருத்தி, கம்பளி. மற்றொன்றில் இன்றைய ஃபோம் சோபா, பாலியெஸ்டர் திரை, பிளாஸ்டிக். பழைய அறை ஃபிளாஷ்ஓவரை எட்ட 29 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. புதிய அறை 4 நிமிடம்கூடத் தாங்கவில்லை. மணி அடித்து வண்டி கிளம்பி வந்து சேர்வதற்குள் அறை முடிந்திருக்கும்.

ஆகவே யோசிக்க நேரமில்லை. சரி, யோசிக்காமல் எப்படி முடிவெடுக்கிறார்கள்? 1980-களின் நடுவில் கேரி க்ளீன் என்ற உளவியலாளர் இதைக் கேட்டுக்கொண்டு தீயணைப்பு அதிகாரிகளைத் தேடிப் போனார். இந்த வழியா அந்த வழியா என்று ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று எதிர்பார்த்தார். அப்படி ஒப்பிட்டதாக அவர்களில் பெரும்பாலோர் சொல்லவே இல்லை. பார்த்ததும் தெரிந்தது என்றார்கள்.

க்ளீன் பதிவு செய்த ஒரு சம்பவம் புகழ்பெற்றது. கிளீவ்லாந்து நகரில் ஒற்றை மாடி வீடு. பின்கட்டுச் சமையலறையில் தீ. ஓர் அதிகாரி தன் ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார், தீ அடங்கவில்லை. கூடத்தில் நிற்கிறார். இந்தச் சின்னத் தீக்குச் சூடு அதிகம், சத்தமோ குறைவு. ஏதோ சரியில்லை. எல்லோரும் வெளியே போங்கள் என்கிறார். அவர்கள் வெளியேறிய கொஞ்ச நேரத்தில் நின்றிருந்த தரை இடிந்து விழுகிறது. தீயின் வேர் கீழே நிலவறையில் இருந்திருக்கிறது. தரை சூட்டையும் இரைச்சலையும் மறைத்திருக்கிறது. அந்த அதிகாரி அது தன் ஞானதிருஷ்டி என்றே நம்பிக்கொண்டிருந்தார். க்ளீன் சொன்னது வேறு: அவர் அதுவரை பார்த்த நூற்றுக்கணக்கான தீக்களின் சாயல் மனத்தில் அடுக்கடுக்காக இருந்தது. இந்தத் தீ அவற்றில் எதனோடும் பொருந்தவில்லை. பொருந்தாமைதான் மணி அடித்தது.

அந்த அடுக்கைக் கட்டித் தருவதற்குத்தான் வி.ஆர். லாயக்கு என்பது என் துணிபு. குழாய் பிடிக்கக் கற்றுத்தர வேறு வழிகள் உண்டு. புகையின் நிறம் என்ன, எவ்வளவு வேகமாகக் கதவிடுக்கில் தள்ளிக்கொண்டு வருகிறது, சுருண்டு கொதிக்கிறதா, சோம்பலாக மிதக்கிறதா என்பதை ஒரே மாலையில் இருபது வீடுகளில் பார்க்க வைக்க வேறு எதனாலும் முடியாது. எப்போது உள்ளே போவது என்பதைவிட எப்போது வெளியே வருவது என்பதைக் கற்றுத்தர, தவறு செய்தால் சாவு நேராத ஓர் இடம் வேண்டும்.

விமானிகளுக்கு இந்த இடம் முன்பே கிடைத்துவிட்டது. எட்வின் லிங்க் என்பவர் 1929-இல் தன் தந்தையின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளையும் பம்புகளையும் வைத்து, தரையில் நின்றே ஆடிச் சாயும் ஒரு குட்டி விமானம் செய்தார். வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், மேகத்திலும் இருட்டிலும் வழி தெரியாமல் அடுத்தடுத்து விழுந்து இறந்த பிறகுதான் ராணுவம் அதில் ஆறு வாங்கியது. எதையும் பிணம் விழுந்த பின்பே வாங்குவது அரசாங்கங்களுக்கு எந்த ஊரிலும் பழக்கம்தான் போலும்.

பொய் நெருப்பு சொல்லும் பொய்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிக வளாகத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ரோலர் கோஸ்டர் ஏறினேன். ஏறியது நாற்காலியில். “சார், கீழ பாக்காதீங்க” என்று கடைப் பையன் எச்சரித்தும் பார்த்தேன். இறங்கியபோது தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கண் விழுகிறேன் என்கிறது; உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு உட்கார்ந்திருக்கிறேன் என்கிறது. இரண்டுக்கும் சண்டை வந்தால் வயிறுதான் தண்டம் கட்டும். தீயணைப்புப் பயிற்சியிலும் இந்தக் குமட்டல் சிலருக்கு வருகிறது. கணினி வேகமாகும்போது இது குறையலாம்.

குறையாத சிக்கல் வேறு. எரியும் வீட்டுக்குள் மனிதருக்குக் கண் தெரியாது. கறுப்புப் புகையில் சொந்தக் கை தெரியாது. சுவரில் ஒரு கையை வைத்து, அதை எடுக்காமல், தரையோடு தவழ்ந்து, மறுகையால் கட்டில் காலையும் குழந்தையின் காலையும் துழாவித்தான் தேடுவார்கள். வி.ஆர். என்பதோ கண்ணுக்கு நடத்தும் விருந்து. அதன் சுவரைத் தொடப்போனால் கை உள்ளே போய்விடும். இந்த வேலையின் பாதி இருட்டில் தடவி நடப்பது. அதைக் கற்றுத்தர, ஜன்னலை அடைத்த பழைய கட்டடமும் முகமூடியில் ஒட்டிய கறுப்புத் தாளும் இன்றைக்கும் மேல்.

இன்னொன்று, நெருப்பின் கணக்கு. நெருப்பு எப்படி நகரும் என்பதைக் கணிக்க அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. உருப்படியான கணக்குத்தான். ஆனால் சில நிமிட நெருப்பைக் கணக்கிட்டு முடிக்க அது மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் ஓடும். ஹெட்செட்டுக்குள் இருப்பவர் தலையைத் திருப்பும் கணத்திலேயே படம் மாற வேண்டுமே? ஆகவே அங்கே நெருப்பு எளிமையாக்கப்படுகிறது, அல்லது முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கப்படுகிறது. பார்க்க நெருப்பாகவே இருக்கும். நடந்துகொள்வது நெருப்பைப் போலவா என்பதுதான் கேள்வி.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். கூரையடியில் திரண்ட வாயுவை அளவாகத் தெளித்துக் குளிர்வித்தால் அறை அடங்கும். மூடிய அறையில் கண்மண் தெரியாமல் அடித்தால் ஆவி திரும்பி வந்து அடித்தவரையே வேகவைக்கும். சுடரைக் குறிபார்த்து அடித்தால் மதிப்பெண் தரும் ஒரு விளையாட்டு, வாயுவைக் குளிர்விப்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால், தவறான பழக்கத்தை நூறு முறை சொல்லிக்கொடுத்துவிடும். தெரியாதவரைத் திருத்தலாம். தப்பாகத் தெரிந்து, அதை உடம்பிலும் ஏற்றிக்கொண்டவரைத் திருத்துவது பெரும்பாடு.

பயமும் வராது. கண்ணாடியைக் கழற்றினால் ஏ.சி. அறை என்று மூளையின் ஏதோ ஒரு மூலைக்குத் தெரிந்தே இருக்கிறது. இதனால்தான் வி.ஆர். கருவிகளை விற்பவர்களில் விவரமானவர்கள்கூட, நிஜ நெருப்புக்கு மாற்று என்று சொல்வதில்லை. அதற்கு முந்தைய படி என்கிறார்கள். இதில் என் அச்சம் பொறியாளர்களைப் பற்றியது அல்ல, பட்ஜெட் எழுதுபவர்களைப் பற்றியது. பத்து ஹெட்செட் வாங்கியாகிவிட்டது, இனி எதற்கு எரிக்கும் களம் என்று கோப்பில் எழுத ஒரு பேனா போதும்.

நம் ஊர் ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு வரும் ஏப்ரல் 14, இந்தியத் தீயணைப்பு நிலையங்களுக்கு நினைவு நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் தீ. உள்ளே பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் அருகருகே. வீரர்கள் டன் டன்னாகத் தண்ணீர் இறைத்தார்கள். தீயின் வேர் எங்கே என்று கடைசிவரை பிடிபடவில்லை. மாலை நாலு மணியளவில் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் மாண்டார்கள். வெளியே வா என்று சொல்ல வேண்டிய நிமிடம் எது என்பதுதான் அங்கேயும் கேள்வி.

2012 ஜனவரி, பொங்கல் விடுமுறை. சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் பழைய அரண்மனையான கலஸ் மஹால், அரசு அலுவலகக் கோப்புகளோடு எரிந்தது. உள்ளே போன வீரர்கள் மேல் கூரை விழுந்தது. ஓர் அலுவலர் இறந்தார். கோட்ட அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் உள்ளிட்டோர் தீக்காயங்களோடு மீண்டார்கள். வடசென்னையிலும் திருவல்லிக்கேணியிலும் மர உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இன்னும் எத்தனையோ நிற்கின்றன. உத்தரம் கரிந்துகொண்டிருக்கும்போது அந்தக் கூரை என்ன ஜாடை காட்டும்? கலிஃபோர்னியாவின் மரச்சட்ட வீட்டுக்கு எழுதிய காட்சியில் இதற்கு விடை இருக்காது. கருவியை வெளிநாட்டில் வாங்கலாம். காட்சியை இங்கேதான் எழுத வேண்டும்: தெரு முனையில் வண்டி நுழையாத சௌகார்பேட்டை, ரங்கநாதன் தெருவின் படிக்கட்டு, ஓலைக் கூரை, சிவகாசியின் மருந்து அறை.

எழுத உட்காருபவர் தாம்பரத்தில் உள்ள மாநிலப் பயிற்சி மையத்துக்குப் போய், ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஆட்களை உட்கார வைத்துக் கேட்டால் ஆயிரம் காட்சிகள் கிடைக்கும். பாதி, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிய கதையாகவும் சமையலறைக்குள் வந்த சாரைப்பாம்பைப் பிடித்த கதையாகவும் இருக்கும். 101-க்கு வரும் அழைப்புகளில் அவையும் சேர்த்திதான். பயந்துபோன எருமைக்கு ஒரு வி.ஆர். காட்சி எழுதுவது ஃபிளாஷ்ஓவருக்கு எழுதுவதைவிடக் கடினம் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் ஒரு கப்பல்

தலையில் மாட்டும் கருவிகள் ஒரு பெரிய கணினிக்கு அடிமையாகவும், படம் கட்டம் கட்டமாகவும் இருந்த 1990-களின் நடுவிலேயே வி.ஆரை வைத்து ஒரு தீயணைப்புப் பரிசோதனை நடந்திருக்கிறது. நடத்தியது அதே அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம். நுரையைத் தந்ததும் அதுதான். அலபாமாவின் மொபைல் விரிகுடாவில் அவர்களுக்கு ஷாட்வெல் என்றொரு கப்பல் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடி, ஓய்வு பெற்று, வேண்டுமென்றே கொளுத்தி ஆராய்வதற்காக நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்தக் கப்பலின் ஒரு பகுதியைக் கணினிக்குள் கட்டினார்கள். அதில் நடைபாதை, ஏணி, கதவுகள். அதற்கு மேல் புகை. கடற்படைத் தீயணைப்பு வீரர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் கப்பலின் வரைபடத்தைக் காட்டி வழியைச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் மட்டும் கூடுதலாக, ஹெட்செட் மாட்டி, கையில் ஜாய்ஸ்டிக்குடன் அந்தப் பாதையில் நடந்து பார்த்தார்கள். பிறகு எல்லோரையும் நிஜ ஷாட்வெல்லுக்குள் அனுப்பினார்கள். உள்ளே நிஜமான தீ.

முடிவு 1997-இல் வெளியானது. ஹெட்செட்டில் நடந்து பார்த்தவர்கள் இடத்துக்கு விரைவாகப் போய்ச் சேர்ந்தார்கள். வரைபடத்தை மட்டும் பார்த்தவர்கள் புகையில் வழி தவறித் திரும்பிய இடங்களில், இவர்கள் பெரும்பாலும் சரியாகத் திரும்பினார்கள். அந்தக் கணினி காட்டிய கதவுகள், இன்றைய ஒரு செல்போன் விளையாட்டோடு ஒப்பிட்டால், குழந்தை வரைந்தவை போல இருந்திருக்கும். நிஜக் கதவு எந்தப் பக்கம் என்று கை நீட்டிய நேரத்தில் அது போதுமாயிருந்தது.